மணிக்குப் பின் ஒரு சுற்று

பந்தயம் முடிந்து மூன்று வாரம் ஆகியும் அந்த வீட்டில் இருபத்தைந்து என்ற எண்ணை யாரும் வாயில் எடுப்பதில்லை. பூட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ ஒரு சாவியின் விலையைச் சொல்ல வந்தவர், "இருபத்தி..." என்று ஆரம்பித்துவிட்டு மகனைப் பார்த்தார். "முப்பதுன்னு வச்சுக்கோயேன்" என்று முடித்தார். சாவி விலை ஏறியதுதான் மிச்சம்.

மகன் நிமிரவில்லை. அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். கொக்கு என்று கல்லூரியில் பெயர் வாங்கியவன், கால் மட்டுமே ஆள் என்று சொல்லலாம். கல்லூரி விடுதியில் இருந்தவரை முட்டை, பால், ஓடுகிற ஷூ, ஆணி வைத்த ஷூ, போட்டிக்குப் போக வண்டி, காலில் பிடித்துக்கொண்டால் தேய்த்துவிட ஆள் என்று எல்லாம் கல்லூரிச் செலவிலேயே நடந்தது. படிப்பு முடிந்த மறுநாள் எல்லாம் நின்றது. "பட்டத்தைக் கையில குடுத்துட்டு ஓட்டத்தைப் பிடுங்கிக்கிட்டாங்க" என்பார் பூட்டுக்காரர். சந்தை முனையில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி வெட்டுகிற மனிதர். எதையும் திறந்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

படிப்பு முடிந்த ஓட்டக்காரனுக்கு முன்னால் இருந்தது இரண்டு வழி. ஒன்று மைதானம். ஊர் விளையாட்டுக் கிளப் வருஷத்தில் இரண்டு தடவை தேர்வுப் பந்தயம் வைக்கும். பத்தாயிரம் மீட்டரில், அதாவது மைதானத்தை இருபத்தைந்து தடவை சுற்றுகிற ஓட்டத்தில், முதல் மூன்று பேரைப் போக்குவரத்து இலாகாவின் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். இலாகாவில் வேலை, இலாகா மைதானத்தில் பயிற்சி. இன்னொன்று ரோடு. ஞாயிறு தவறாமல் எங்காவது ஒரு ஊரில் சாலையை மறித்து ஓடவிடுவார்கள். ஷூக்கடைக்காரர் ஒருவர் அதற்கென்று ஒரு அணி வைத்திருந்தார். கடைப் பெயர் போட்ட பனியன், ஷூ, வண்டி எல்லாம் கொடுத்து, ஓடின ஓட்டத்துக்குக் கையில் காசும் கொடுப்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற கதை நடக்காது. கடைப் பனியனைப் போட்டு ரோட்டில் ஓடினவனுக்கு அந்த வருஷம் கிளப்பின் பந்தயத்தில் இடம் கிடையாது.

பையனுக்கு மைதானம்தான் உயிர். அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"எங்க ஓடினாலும் அதே காலுதானேடா? வட்டமா ஓடறதுக்கு நேரா ஓடலாமே. நாலு இடத்தையாவது பார்க்கலாம்."

"ரோடு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். காத்து ஒரு பக்கம் தள்ளும். என்ன ஓடினோம்னு நமக்கே தெரியாது. டிராக்ல அப்படி இல்லம்மா. நானூறுன்னா நானூறு. நான் நேத்தைவிட நல்லா ஓடினேனா, மோசமா ஓடினேனான்னு என்னை ஏமாத்தவே முடியாது."

"உன்னை யாரு ஏமாத்தப்போறா?"

"நானேதான்" என்று சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பிரித்து எண்ணிக் கொதிதொட்டிக்கு அனுப்ப வேண்டும். திரும்ப வந்ததை எண்ணி வார்டுக்கு அனுப்ப வேண்டும். நீராவியும் வெளுப்புத்தூள் நெடியுமாக எந்நேரமும் கண்ணைக் கரிக்கும் இடம். பத்து விரிப்புக்கு ஒரு முனையை வெளியே நீட்டி மடிப்பாள். எண்ணும்போது அவளிடம் யாரும் பேசலாம். பதிலும் வரும், எண்ணும் தப்பாது. இதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் வந்த பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் மைதானத்துக்கும் வந்தது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அவன் நெடுந்தூர ஓட்டம் ஓடினால் அம்மா எதிர்ப்பக்கத்து வேலியோரம் நிற்பாள். பையின் ஒரு தோள்வாரில் துணிக்கிளிப்புகளை வரிசையாக மாட்டிக்கொள்வாள். அவன் ஒரு சுற்று வந்தால் ஒரு கிளிப் அடுத்த வாருக்குப் போகும். கடைசிப் பத்துச் சுற்றுக்கு, அவன் அடுத்து எல்லைக் கோட்டைத் தாண்டினபின் இன்னும் எத்தனை பாக்கி என்று விரலில் காட்டுவாள். பாக்கிச் சுற்றைக் காட்டக் கோட்டருகே எண் அட்டை வைத்திருப்பார்கள்தான். ஆனால் வியர்வை கண்ணில் இறங்கி, முன்னால் ஓடுகிறவன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாத நேரத்தில் அவனுக்கு அட்டை வேண்டாம், அம்மா விரல் போதும்.

தேர்வுப் பந்தயத்தன்று தூறல். ஓடினவர்கள் இருபது பேர் போல இருக்கும். பாதிக்கு மேல் போனதும் பின்தங்கினவர்களும் முன்னால் போனவர்களும் கலந்துவிட்டார்கள். எண் அட்டைகளைக் காலண்டர் மாதிரி ஒரு வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நனைந்த அட்டைகள் இரண்டு ஒட்டிக்கொண்டு புரண்டனவா, புரட்டினவன் குடையைத் தேடிப் போன நேரத்தில் வேறு எவனாவது புரட்டினானா, யாருக்கும் தெரியாது. அவன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். அவனுடைய பலமே கடைசிச் சுற்றுதான். அதுவரை சாது மாதிரி பின்னால் வந்துவிட்டு, மணி அடித்ததும் ஒரே வீச்சில் எல்லாரையும் விட்டுவிட்டுப் போவான்.

அம்மாவைத் தாண்டும்போது அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவன் கோட்டுக்குப் போனதும் மணி அடித்தது.

மணி என்றால் ஒரு சுற்றுத்தான் பாக்கி. முன்னால் இருந்த இருவரும் பிய்த்துக்கொண்டு பறந்தார்கள். பின்னால் இருந்தவர்களில் மூன்று பேர் அவனைத் தாண்டினார்கள். அவன் நிதானமாகவே வந்தான். மறுபடி அம்மாவைத் தாண்டினபோது அவள் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு வேலியில் பாதி ஏறியிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். மற்றவர்கள் கோட்டைத் தொட்டு இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார்கள். அவன் அவர்களுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டே இருந்தான். "ஏய், முடிஞ்சுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். அவன் கேட்கவில்லை. ஆள் இல்லாத மைதானத்தில், தூறலில், அந்தக் கடைசிச் சுற்றை அவன் ஓடின வேகம் அவன் அதற்கு முன்னால் ஓடாத வேகம். கடைசி வளைவில் கால் தரையில் பட்டதாகவே அவளுக்குத் தெரியவில்லை. கோட்டைத் தொட்டபோது நேரம் பார்க்க ஆள் இல்லை. மணியடித்தவர் மணி நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களோடு கோட்டைத் தாண்டின கணக்கில் அவனுக்கு ஆறாவது இடம் என்று எழுதினார்கள்.

அவள் நேரே கிளப் செயலாளரிடம் போனாள். மணி அடித்த கணக்கில் மிஞ்சின ஒரு கிளிப்பை மாற்றாமலே வைத்திருந்த வாரைக் காட்டினாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கிளிப்பை நம்பி ரிசல்ட் போட முடியுமாம்மா? மணியடிச்சவர் முப்பது வருஷமா அடிக்கிறவர். பையன்களோட நேரத்தைப் பாருங்க. ஒவ்வொருத்தனும் தன்னோட பழைய நேரத்தைவிட ஒரு நிமிஷத்துக்கு மேல கொறைச்சிருக்கான். எவ்வளவு உழைச்சிருந்தா இப்படி வரும்!"

"ஒரு சுத்து ஓடலன்னா கொறையத்தானங்க செய்யும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நானூறு மீட்டரை மறைக்க அவர்களுக்குச் சோறுகூட வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் நல்ல நேரம் கிடைத்திருந்தது. முதல் மூன்று பேருக்கு வேலை கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒரு நேரம். யார் வாயைத் திறப்பார்கள்? அவள் திறந்தாள். அந்த வாரத்தில் கிளப்புக்கு இரண்டு தடவை போய்விட்டு, இலாகா அலுவலகத்துக்கும் போனாள். போன இடமெல்லாம் அதையே சொன்னாள். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்குக் கோபம். அடுத்த தேர்வுப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போன மகனைச் செயலாளர் உட்காரவைத்துப் பேசி அனுப்பினார்.

அவர் பேசினது இதுதான். உன் அம்மா வந்து, நான் தவறாக எண்ணிவிட்டேன், பையன் என்னைப் பார்த்துத்தான் குழம்பினான் என்று சொல்லட்டும். மணியடித்தவர் மானஸ்தர், மனசு உடைந்து கிடக்கிறார். அதோடு இது முடிந்தது. உன் பெயரைப் போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை கடைசி. அதுவரை ரோட்டுப் பக்கம் போகாதே.

பூட்டுக்காரருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

"ஒரு வார்த்தை. வாயை விட்டு வர்ற காத்து. அதுக்கு வலிக்குமா?"

"நான் தப்பா எண்ணலங்க."

"நீ தப்பா எண்ணினேன்னு யாரு சொன்னா? நான் நித்தம் நூறு பொய் சொல்றேன். இந்தப் பூட்டு இனிமே உடையாதுங்கறேன். உடைஞ்சா வருவான்னு தெரிஞ்சேதான் சொல்றேன்."

"அது உங்க பொழப்பு."

"இது உன் பிள்ளை பொழப்பு." அவர் தட்டை நகர்த்திவைத்தார். "அவன் கேக்க மாட்டான். உன் பிள்ளையாச்சே. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டே உக்காந்திருங்க, சனிக்கிழமை போயிடும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க, சொல்லவே சொல்லாதேன்னு சொல்லல."

மழை விடவில்லை. வீட்டுத் துணி காய வெளியே இடமில்லாமல் அறையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வியாழக்கிழமை அவள் வேலை விட்டு வந்து துணி அலசினாள். மகன் பிழிந்து கொடுத்தான். சாயங்காலப் பயிற்சிக்கு அவன் இன்னும் தவறாமல் போய்வந்தான். வந்ததும் ஆணி ஷூவின் ஆணிகளைக் கழற்றி மண்ணைத் துடைத்து மறுபடி மாட்டிவைப்பான். ஓடப் பந்தயம் இல்லாதவனுக்கு எதற்கு அது என்று நினைத்துக்கொண்டே அவள் அந்த மண்ணைப் பெருக்கித் தள்ளுவாள்.

"கிளப்புல என்னதான்டா சொன்னாங்க?"

"அப்பா சொல்லியிருப்பாரே."

"அவர் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

"அதேதான். எண்ணினவங்க தப்பா எண்ணிட்டாங்கன்னு வந்து சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்துட்டேன்."

அவள் ஒரு விரிப்பை உதறிக் கயிற்றில் போட்டாள். நுனியும் நுனியும் சேர்த்து இழுத்துவிட்டாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் அவன் கால் மட்டும் தெரிந்தது.

"நான் சொல்லணும்னு நினைக்கிறியா?"

"நீ சொல்லணும்னு நான் சொல்லல."

"சொல்ல வேணாம்னும் சொல்லலியே."

வாளித் தண்ணீரை அவன் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவனே பேசினான்.

"ஷூக்கடைக்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போனாரு."

"என்னவாம்?"

"ரோட்டுக்கு வான்னு கூப்பிடறாரு. என்னை மாதிரி ஒரே சீரா ஓடற ஆளு அவருக்கு வேணுமாம்."

"ரோட்ல மூணு வருஷம் ஓடினா முட்டி போயிடும்னு நீதானேடா சொல்லுவே?"

"மூணு வருஷம் இருக்குல்ல" என்றான்.

ஒரு பிள்ளை இப்படிப் பேசினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா, எனக்காக ஒரு பொய் சொல்லேன் என்று அவன் கேட்டிருந்தால் அந்த ஈரக்கையோடேயே கிளம்பியிருப்பாள். கேட்க மாட்டான் என்று பூட்டுக்காரர் சொன்னது சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கேட்காத பிள்ளைக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

சனிக்கிழமை சலவைக்கூடத்தில் ஆள் குறைவு. எண்ணிக்கொண்டே இருந்தவள் முதல் தடவையாக ஒரு கட்டை இரண்டு முறை எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கிளப்பில் செயலாளர் அறை நிறையக் கோப்பைகள். மேல் வரிசைக் கோப்பைகளில் தூசி, கீழ் வரிசையில் ஒன்றுக்குள் பேனாக்கள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். முன்னால் வந்தபோதெல்லாம் நிற்கவைத்தவர்.

"ஒரு நிமிஷம்மா. அவரும் இருக்கட்டும்" என்று மணியடித்தவரைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் வந்தார். பந்தயத்தன்று குடைக்கடியில் கம்பீரமாக நின்றவர் இப்போது பாதி ஆளாக இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காங்க" என்றார் செயலாளர்.

டீ கொதித்தது. அவள் ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"நான்தாங்க தப்பா எண்ணிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. அவருக்கும் தெரியட்டும்."

"மழையில... கிளிப் ஒண்ணை மாத்த மறந்திருக்கேன். ஒரு சுத்து பாக்கின்னு நானா காட்டிட்டேன். பையன் என்னை நம்பி ஓடிட்டான். அவன் மேல தப்பில்லங்க."

மணியடித்தவர் திரும்பினார். "நிச்சயமாத் தெரியுமாம்மா?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. அதிகாரமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை வாய் வேறு மாதிரி சொல்லியிருக்கும். அவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"நிச்சயங்க."

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். "மூணு வாரமாத் தூங்கலம்மா. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. நான்தான் முந்தி அடிச்சுட்டேனோ, அந்தப் பையன்தான் சரியோன்னு... கண்ணை மூடினா அவன் தனியா ஓடறதே தெரியுது. இலாகாவுக்கு நானே எழுதிப்போட்டுடலாம்னுகூட நேத்து நினைச்சேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, வந்து சொன்னீங்க. வயசானா யாருக்கும் எண்ணிக்கை தப்பும். மனசுல வச்சுக்காதீங்க."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவளைவிட இருபது வயது மூத்த மனிதர் அவளுக்கு வயதாகிவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். இலாகாவுக்கு எழுதிப்போடலாம் என்று நினைத்தாராம். இன்று வராமல் இருந்திருந்தால், அவரே எழுதிப்போட்டிருந்தால் என்று அவள் மனசு எங்கோ போய் முட்டிக்கொண்டு திரும்பியது. இனி அதைப் பேசி என்ன?

"பையன் பேரைப் போட்டுட்டேன்" என்றார் செயலாளர். "ரோட்ல மட்டும் ஓடாம பார்த்துக்குங்க. அப்புறம் என் கையில இல்ல."

வீட்டுக்கு அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பொய் சொன்ன வாய் கசந்தது. ஆனால் மகன் முகம் எப்படி மாறும் என்று நினைக்க நினைக்கக் கசப்பு இறங்கியது. கதவு பூட்டியிருந்தது. கடைக்குப் போனாள். பூட்டுக்காரர் ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எங்கங்க?"

"போயிட்டான். நீ வேலைக்குப் போன கையோட கிளம்பிட்டான். ஷூக்கடை வண்டி வந்துச்சு. நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ரோட்டு ஓட்டமாம். ராத்திரி அங்கேயே தங்கறாங்களாம்."

"நீங்க விட்டுட்டீங்களா?"

"தோளுக்கு மேல வளர்ந்தவனைப் பூட்டியா வைக்கிறது? நீதான் போகவே மாட்டேன்னு உக்காந்திருந்தியே. நீ போவேன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" அரத்தைக் கீழே வைத்தார். "போனியா?"

"போனேன்."

"சொன்னியா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் வெட்டின சாவியை ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, தப்பான பல்லைத் தேய்த்துவிட்டது கண்டு தூர எறிந்தார்.

ஷூக்கடைக்கு ஓடினாள். கதவு இறக்கியிருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டாள், அவர்கள் தங்கின இடம் யாருக்கும் தெரியவில்லை. ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஆரம்பிக்கும் முன் அவனைப் பிடித்துவிட்டால் போதும், பனியனைக் கழற்றவைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் ரோட்டு ஓட்டத்துக்கு ரோட்டைத்தானே மறிப்பார்கள்? பாலத்துக்கு இந்தப் பக்கமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கண்டக்டரிடம் கெஞ்சினாள். "நானாம்மா மறிச்சேன்?" என்றார் அவர். இறங்கி நடந்து பாலத்தின் பாதிக்கு வந்தபோது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அப்புறம் ஜனத்தின் கூச்சல்.

சரி, ஓடிவிட்டான். செயலாளர் கையைக் காலைப் பிடிக்கலாம், தெரியாமல் ஓடிவிட்டான் என்று சொல்லலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்ல எவ்வளவு நேரம்? முடியும் இடத்துக்குப் போய் நின்றாள். கையில் கிளிப் இல்லை, எண்ண ஒன்றும் இல்லை. இங்கே ஒரே போக்குத்தான். பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் கணவன் ஓடுவதாகச் சொல்லி, உங்களுக்கு யாரு என்று கேட்டாள். "மகன்" என்றாள். "எப்படி, ஜெயிப்பானா?" "முதல் மூணுல வருவான்" என்றாள். அதைச் சொல்லும்போது இவ்வளவுக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

முதலில் வந்தவன் ஷூக்கடைப் பனியன்தான். ஆனால் குட்டையன். இரண்டாவது, மூன்றாவது வந்தார்கள். பத்துப் பேர் வந்தார்கள். அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து, மாலை மாதிரி பதக்கத்தை மாட்டிக்கொண்டு, அவளோடு வீட்டுக்கும் போய்விட்டான். கொக்கு வரவில்லை. வெயில் ஏறியது. நடந்து வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கே விழுந்தானோ, எந்த ஆஸ்பத்திரி விரிப்பில் கிடக்கிறானோ என்று வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முடியும் இடத்தில் நட்டிருந்த அலங்கார வளைவைக் கழற்ற ஆட்கள் ஏணி கொண்டுவந்தார்கள்.

அப்போது ஷூக்கடை வண்டி வந்து நின்றது. மகன் இறங்கினான். குளித்துத் தலை சீவி, வேறு சட்டை போட்டிருந்தான். கையில் பாதி கடித்த ரொட்டி.

"இங்க என்னம்மா பண்றே?"

"என்னடா ஆச்சு? எங்க விழுந்தே? கால்ல அடியா?"

"ஒண்ணும் ஆகல. முப்பது கிலோமீட்டர்ல நிறுத்திட்டேன்."

"ஏன்டா?"

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. முன்னால இழுத்துக்கிட்டு ஓடணும். காத்தை நான் வாங்கிக்கணும், பின்னால அந்தக் குட்டையன் வருவான். முப்பதுல ஓரமா ஒதுங்கிடணும். மீதியை அவன் ஓடி ஜெயிப்பான்." அவன் ரொட்டியைப் பார்த்தான். "முடிக்கறதுக்கு எனக்குக் காசு இல்லம்மா. நிறுத்தறதுக்குத்தான்."

"இதுக்காடா டிராக்கை விட்டே?"

"கிளப்புல நீ வந்து பொய் சொல்லித்தான் நான் ஓடணும்னா எனக்கு அந்த டிராக் வேணாம். உனக்காகன்னு நினைச்சுக்காதே. எனக்காகத்தான். அன்னிக்கு அங்க இருபத்தஞ்சு ஓடினது நான் ஒருத்தன்தான். அவங்க எழுதாட்டி போகட்டும். எங்க யாருக்கு ஓடினாலும் அது போயிடாதில்ல."

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கே கிளப்பில் ஊருக்கெல்லாம் சொல்லுவார்கள்.

"நேத்து நான் போயிட்டேன்டா."

"எங்க?"

"கிளப்புக்கு. சொல்லிட்டேன். நான்தான் தப்பா எண்ணினேன்னு. மணியடிச்சவரும் இருந்தாரு. உன் பேரைப் போட்டுட்டாங்க. உனக்கு டிராக்குதானேடா உயிரு? நீ வாய் விட்டுக் கேக்கலன்னாலும்..."

அவன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மணியடிச்சவர் என்ன சொன்னாரு?"

"தூக்கமே இல்லாம இருந்தாராம். அவர் மேலதான் தப்போன்னு... பாவமா இருந்துச்சுடா."

"இப்ப நல்லாத் தூங்குவாரு."

வண்டியிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு சுத்துதான். அதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டே."

"நான் பார்த்தேன்டா." அவள் அவன் கையைப் பிடித்தாள். "யாரு என்ன எழுதினா என்ன? நீ ஓடினதை நான் பார்த்தேன். ஒண்ணொண்ணா எண்ணினேன். எனக்குத் தெரியாதா?"

அவன் கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

"நீ சொன்னா இனிமே யாரும்மா நம்புவா? நீதான் எண்ணத் தெரியாதவளாச்சே."

வண்டி மறுபடி ஹாரன் அடித்தது. அவன் ஏறிக்கொண்டான். ரோட்டைத் திறந்துவிட்டார்கள், நின்றிருந்த பஸ்களும் லாரிகளும் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன, அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.